சரிவு நிலத்தில் கல் சுவர் கட்டித் தருபவர்கள்: ஏற்காட்டில் எங்கள் தோட்ட வேலை

ஏற்காட்டில் சரிவான நிலம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் நிம்மதியான தூக்கம் கிடையாது. "மண் இறங்கிவிட்டது, சுவர் கட்ட நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள்" என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் காபித் தோட்டத்தில் தடுப்புச் சுவர் கட்டித் தந்த கல்வேலைக் குழுவைப் பற்றியது இது. சுருக்கமாக வேண்டும் என்பவர்களுக்கு: தாராளமாகக் கூப்பிடலாம், அவசர வேலைக்கு மட்டும் கூப்பிட வேண்டாம்.

குழு என்றால் பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை. ஒரு பெரியவர், அவர் மகன், மருமகன், இன்னும் சில உறவுக்காரர்கள். எல்லோரும் சேர்வராயன் மலையிலேயே பிறந்து வளர்ந்த மலைக்கிராமத்துக்காரர்கள். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு எதுவும் கிடையாது. பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. நாகலூர் போகும் சாலையில் டீக்கடைகளில் கல்சுவர் கட்டுகிறவர் என்று விசாரித்தால் வழி சொல்வார்கள்.

எங்கள் நிலத்தின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் வேலையின் அருமை புரியும். மாமனார் வாங்கிய சின்னத் தோட்டம். அராபிகா காபி, நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. நடுவில் பழம் அரைக்கிற ஷெட். இதை எங்களுக்கு விற்றவர், ஷெட்டுக்குச் சமதளம் வேண்டும் என்று சரிவை நேர்க்குத்தாக வெட்டி, வெட்டிய முகத்தை ஒட்டி ஹாலோ பிளாக் சுவர் ஒன்று எழுப்பி, பளிச்சென்று பூசியும் வைத்திருந்தார். தண்ணீர் வெளியே வர அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண்ணும் பாறையும் விழுந்து போக்குவரத்தே நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த மழையில்தான் எங்கள் சுவரும் வயிறு தள்ளி, நடுவில் பிளந்து, ஷெட்டின் பின்பக்கம் சாய்ந்தது. அரவை மெஷின் முழங்கால் உயரச் சேற்றில் நின்றது. பறிப்பு நேரம் வேறு. அந்த வருடம் பழத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்து அரைத்தோம்.

சுவரைத் திரும்பக் கட்ட சிலரிடம் விலை கேட்டேன். சேலத்தில் இருந்து வந்த ஒரு ஒப்பந்தக்காரர் ஷெட் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, ஜேசிபி வைத்து இன்னும் நாலடி உள்ளே வெட்டி கான்கிரீட் சுவர் போட்டுவிடலாம், பத்தே நாள் வேலை என்றார். அவர் மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. பெரியவரைக் கூப்பிட்டபோது அவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது: "இப்ப வந்து என்ன கண்ணு பாக்கறது, நெலம் காஞ்சு கெடக்குது. கோடை மழை பெய்யட்டும், மழையிலயே வந்து பாக்கறேன்."

சொன்னபடியே நல்ல மழையில் வந்தார். தலையில் கோணிச் சாக்கு, கையில் கடப்பாரை. சுவர் விழுந்த இடத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன். தோட்டத்தின் மேல் எல்லை வரை போய், அங்கிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று அதன் கூடவே நடந்து வந்தார். எங்களுக்கு மேலே புதிதாக ஒரு மண் பாதை போட்டிருக்கிறார்கள். முன்பு சரிவு முழுக்கப் பரவி இறங்கிய மழைத் தண்ணீர் இப்போது அந்தப் பாதையில் சேர்ந்து, ஒரே இடத்தில் எங்கள் நிலத்துக்குள் விழுகிறது. அது காபிச் செடிகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு சால் அறுத்திருந்தது. இத்தனை நாளும் அதைப் பழைய வாய்க்கால் என்றே தோட்டத்து ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து சில்வர் ஓக் மரங்களைக் காட்டினார். சில மரங்களின் அடிப்பகுதி மட்டும் பள்ளத்துப் பக்கம் வளைந்து, அதற்கு மேல் நேராக நிமிர்ந்திருந்தது. மேல் மண் வருடா வருடம் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்போது மரமும் சாய்கிறது. சாய்ந்த மரம் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்ப நிமிர்கிறது. அந்த இழுபறிதான் அடிமரத்தில் வளைவாக நிற்கிறது. நிலம் வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மரங்களின் அடியைப் பார்க்கலாம். எல்லா மரமும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் அந்தச் சரிவு நகர்ந்துகொண்டிருக்கலாம்.

கடைசியாகத்தான் விழுந்த முகத்துக்கு வந்தார். கடப்பாரையை மண்ணில் இறக்கினார். இரண்டு அடிக்கு வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது, பிறகு ணங்கென்று நின்றது. அந்த இடத்தைச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்மண், கீழே பாதி உளுத்த பாறை, இரண்டும் சேரும் இடத்தில் விரல் தடிமனுக்கு மஞ்சளும் சிவப்புமாக வழவழவென்று ஒரு களிமண் படலம். அதில் இருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அந்தக் களியைக் கிள்ளி எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டி, கயிறு மாதிரி திரித்து என் கையில் வைத்தார். உடையவில்லை. "மண்ணு தானா வுழல கண்ணு. தண்ணிக்குப் போக வழியில்ல, அதான் மண்ணையும் கூட்டிக்கிட்டு வந்துருச்சு" என்றார்.

இதைப் பின்னால் சிவில் இன்ஜினியரான என் தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, புத்தகத்தில் இருப்பதும் அதேதான் என்றார். ஒரு கன மீட்டர் மண் காய்ந்திருக்கும்போது சுமார் 1,600 கிலோ இருக்கும், தண்ணீர் நிறைந்தால் 2,000 கிலோவைத் தொடும். எடை கூடுவதோடு போவதில்லை. மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீரின் அழுத்தம் துகள்களைப் பிரித்துத் தூக்குகிறது, ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரோ ஒரு சிறு அணையின் மேல் தள்ளுவது போலத் தள்ளும். ஓட்டை இல்லாத ஹாலோ பிளாக் சுவர் அதற்கு எப்படித் தாங்கும்?

இங்கே மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கல்லில் கட்டுகிறோம், எந்த மண்ணைத் தடுக்கிறோம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட் என்ற பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் இருந்த கல்லும் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். சென்னையில் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே பாறைதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவானது. அதற்கு மேலே இருந்த அத்தனை பாறையும் மழையிலும் காற்றிலும் அரித்துப் போன பிறகுதான் அது வெளியே வந்திருக்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நாம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிற அந்த உயரம் முழுக்க அரிப்புக்கு இன்னும் அகப்படாமல் மிஞ்சியிருக்கும் பாறை.

மிஞ்சியிருக்கிறது என்றாலும் அதுவும் உளுத்துக்கொண்டேதான் இருக்கிறது. எங்கள் வெட்டு முகத்தில் அதைக் கையால் தொட்டே பார்க்க முடிந்தது. செம்மண்ணுக்கு நடுவே அங்கங்கே உருண்டைக் கற்கள். ஒன்றைப் பெரியவரின் மகன் சம்மட்டியால் தட்டினார். வெளியே துருப்பிடித்த நிறத்தில் ஓடு ஓடாகக் கழன்றது, வெங்காயம் உரிகிற மாதிரி. நாலைந்து அடுக்கு போன பிறகு உள்ளே கரும்பச்சையும் நீலமும் கலந்து, எண்ணெய் பூசினதுபோல் மினுங்கும் கல் வந்தது. மறுபடி தட்டினார், கணீரென்றது. பாறையில் இருக்கும் வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒவ்வொரு துண்டையும் நாலா பக்கமும் தின்றுகொண்டே வரும். மூலைகள் முதலில் கரைவதால் நடுவில் மிஞ்சுவது உருண்டையாக இருக்கும். தட்டும்போது கணீரென்றால் சுவருக்கு, மொத்தென்றால் பின்பக்கம் நிரப்ப என்று அவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே கல்லைப் பிரித்துப் போட்டார்கள். கல் வெளியில் இருந்து பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கவில்லை. விழுந்த மண்ணிலேயே அவ்வளவு கல் இருந்தது.

இந்த உளுத்தல் நெடுங்காலம் நடந்த மேட்டுச் சமவெளிகளில் மண்ணில் இருந்த சிலிக்கா எல்லாம் மழையில் கரைந்து போய், அலுமினியமும் இரும்பும் மட்டும் தங்கி, பாக்சைட் ஆகியிருக்கிறது. அதை வெட்டித்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். மலையில் அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன. அடிவாரத்தில் வேறு கதை. மாமாங்கம் பக்கம் ரயிலில் போகும்போது தெரியும் வெள்ளை மேடுகள், வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட்டை எடுத்தபின் கொட்டிய கழிவு. மெக்னீசியம் நிறைந்த ஆழத்துப் பாறைக்குள் கரியமில வாயு கலந்த தண்ணீர் புகுந்து நரம்பு நரம்பாக உண்டாக்கிய கல் அது. உருவாக எத்தனையோ காலம் பிடித்த அதை நூறு ஆண்டு சொச்சத்தில் தோண்டி எடுத்து, பள்ளம் இருந்த இடத்தில் மேடும் மேடு இருந்த இடத்தில் குளமுமாக மாற்றியிருக்கிறோம். சின்ன வயதில் அந்த மேடுகளைப் பார்த்து இயற்கையான குன்றுகள் என்றே நினைத்திருந்த பல பேர் சேலத்தில் உண்டு.

மேலே காபி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான் ஏற்காட்டில் காபி வந்தது. சோலைக் காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள், ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த சில்வர் ஓக்கை நிழலுக்கு நட்டார்கள். நிழல் மரமும் சருகும் இருக்கும் காபித் தோட்டம் மண்ணை ஓரளவு நன்றாகவே பிடித்து வைக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன், நானே காபிக்காரி. கேடு வருவது தோட்டத்தை மனை மனையாகப் பிரித்து, ஒவ்வொரு மனைக்கும் பாதை, கார் நிறுத்த ஒரு வெட்டு, வீட்டுக்கு ஒரு வெட்டு என்று சரிவைப் படிக்கட்டாக அறுக்கும்போதுதான். ஒரு சரிவு எத்தனையோ ஆயிரம் மழைகளில் தனக்கு ஏற்ற சாய்வை எடுத்துக்கொண்டு நிற்கிறது. அதன் காலை வெட்டினால் மேலே இருப்பது இறங்கத்தான் செய்யும். பாறை என்றால் நேர்க்குத்தாக நிற்கும், உளுத்த மண் நிற்காது. ஜேசிபி ஓட்டுகிறவர் அரை நாளில் வெட்டிவிட்டுப் போய்விடுவார், அதற்கு அப்புறம் ஒவ்வொரு ஐப்பசியும் பயந்து கிடப்பது நாம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கட்டுவதற்கு முன்னால் பெரியவர் என்னை அவருடைய ஊருக்கு அழைத்துப்போய்க் கல்வரப்புகளைக் காட்டினார். மற்றவர்கள் செல்போனில் படம் காட்டுவார்கள், இவர் அவருடைய தாத்தா காலத்தில் வைத்த சுவரைக் காட்டுகிறார். சாமையும் கேழ்வரகும் விதைத்த படிநிலங்கள். சிமெண்ட் இல்லை, கல் மேல் கல். பாசி பிடித்து, இடுக்குகளில் பெரணி முளைத்திருக்கிறது. ஒரு இடத்தில் சுவர் லேசாகப் புடைத்திருந்தாலும் விழவில்லை. சிமெண்ட் இல்லாத சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், புடைத்தால் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை மட்டும் பிரித்துக் கட்டிவிடலாம் என்றார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனை வரவில்லை.

முதல் வேலை சுவர் இல்லை, மேலே ஒரு வாய்க்கால். வெட்டு முகத்துக்கு நன்றாக மேலே, சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு வெட்டி, அடியில் தட்டைக் கல் பரப்பினார்கள். அந்தத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில் பெரியவர் மிகவும் கறாராக இருந்தார். எல்லை ஓரத்தில் விட்டால் கீழ் நிலத்துக்காரர் தலையில் விழும். அதனால் தோட்டத்தின் மறு கோடியில், பாறை தெரியும் ஓடை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். இறங்கும் இடத்தில் கல் படிகள் வைத்தார்கள், தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து வேகம் தணிந்து போகும்படி. இந்த வாய்க்காலுக்கே ஏறக்குறைய சுவருக்கு ஆன அளவு கூலி ஆனது. ஆரம்பத்தில் எனக்கு அது கணக்கில் இடித்தது. இப்போது கேட்டால், சுவரை விட்டாலும் வாய்க்காலை விடாதீர்கள் என்பேன். மேலே பாதை போட்டவரிடமும் பெரியவரே போய்ப் பேசி, பாதையின் குறுக்கே இரண்டு இடங்களில் கல் வரப்பு வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடச் சம்மதம் வாங்கினார். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, காசும் கேட்கவில்லை.

பிறகு கடைக்கால். முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டவில்லை. ஐந்தாறு அடி தோண்டுவது, அந்தத் துண்டை முட்டியளவு கட்டி மேலே கொண்டுவருவது, அப்புறம் அடுத்த துண்டு. மொத்தமாகத் தோண்டினால் சரிவின் கால் பிடியில்லாமல் போய், வேலை செய்பவர்கள் தலையிலேயே விழும். கடப்பாரை ணங்கென்று சொல்லும் வரை தோண்டினார்கள். ஓரிடத்தில் எதிர்பார்த்ததைவிட ஆழம் போனது. சீக்கிரம் முடியட்டும் என்று அங்கே விட்டுவிடவில்லை.

சுவர் ஆறடி உயரம். அடியில் மூன்றடிக்கு மேல் அகலம், உச்சியில் ஒன்றரை அடி. முகம் மலைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தால் அடிக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய ஓரடி வித்தியாசம். முதல் வரிசைக் கற்களையே உள்பக்கம் சாயும்படி படுக்க வைத்துவிடுகிறார்கள். தள்ளும் மண்ணுக்கு எதிராகச் சுவரின் எடை முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கல் கீழே இரண்டு கல்லின் சந்தில் உட்கார வேண்டும், செங்குத்துச் சந்து மேலே தொடரவே கூடாது. மூன்றடிக்கு ஒன்றாக முகத்தில் இருந்து பின்பக்கம் வரை ஓடும் நீளக் கல் ஒன்று. அந்த நீளக் கற்களைத் தேடி எடுப்பதற்கே பாதி நேரம் போகிறது. கல்லைக் கையில் எடுத்தால் பெரியவர் கீழே வைப்பதில்லை. இரண்டு முறை திருப்பிப் பார்ப்பார், பொருந்தும் இடம் தெரிந்துவிடும். ஆடினால் சில்லுக்கல்லைப் பின்பக்கத்தில் இருந்துதான் செருகுவார், முன்பக்கம் செருகினால் நாளடைவில் கழன்று விழும் என்பார்.

சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு மேல் அகலத்தில் ஜல்லி. இந்த இடத்தில்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். மகன் நெடுஞ்சாலை வேலையில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிச் சுவர் கட்டிய அனுபவம் உள்ளவர். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி போடாவிட்டால் பொடி மண் வந்து ஜல்லியை அடைத்துவிடும் என்றார். பெரியவர், பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மணல் என்று அடுக்கினாலே போதும் என்றார். எனக்கு மகன் சொன்னது சரியாகப் பட்டது, நம் களிமண் அவ்வளவு நைசானது. துணிக்கு ஆகும் செலவும் பெரிதில்லை. கடைசியில் இரண்டும் செய்தார்கள். அடியில் ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒன்றையும் படுக்க வைத்து ஓடைப் பக்கம் திறந்துவிட்டார்கள். நீங்கள் வேலை கொடுத்தால் வடிதுணியைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பெரியவர் போட மாட்டார்.

உச்சியில் வெட்டிவேர் நட்டார்கள். நல்ல மண்ணில் அதன் வேர் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும். பக்கவாட்டில் பரவிக் காபியின் வேரோடு போட்டிக்கு வராது.

கூலி விவரம் கேட்பார்கள் என்பதால்: பெரியவருக்கு நாளைக்கு 1,200 ரூபாய், மற்றவர்களுக்கு 800. மதியச் சாப்பாடும் டீயும் நம் பொறுப்பு. ஜல்லி, குழாய், துணி நாம் வாங்கித் தர வேண்டும். மொத்தச் செலவு அந்த கான்கிரீட் சுவருக்குச் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. உங்கள் நிலத்தில் கல் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது நேரம். மழை வந்தால் வேலை இல்லை, ஊரில் சாவோ கல்யாணமோ என்றால் வேலை இல்லை, வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா என்றால் அந்த வாரமே மறந்துவிட வேண்டும். காபிப் பறிப்பு நேரத்தில் குடும்பத்தோடு தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள், போன் எடுக்க மாட்டார்கள். இரண்டாவது, எழுத்தில் எதுவும் இல்லை. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "மண்ணைத் தோண்டினாத்தான் தெரியும் கண்ணு" என்பதே பதில். உண்மைதான், ஆனால் வங்கிக் கடனை நம்பி வேலை தொடங்குகிறவர்களுக்கு அது சரிவராது. மூன்றாவது, வேலை முடிந்தபின் மிச்சக் கல்லையும் மண்ணையும் அப்படியே விட்டுவிட்டார்கள். நாங்கள்தான் ஆள் வைத்து ஒதுக்கினோம். ஒதுக்கும் வேலையையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆறடிக்கு மேல் உயரமான சுவரை அவர்கள் எடுப்பதில்லை. தெரிந்த ஒருவர் பன்னிரண்டு அடி வெட்டுக்குக் கூப்பிட்டபோது, வந்து பார்த்துவிட்டு, இது இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கட்ட வேண்டியது என்று சொல்லித் திரும்பிவிட்டார்கள். தெரிந்ததைச் செய்கிறார்கள், தெரியாததை விட்டுவிடுகிறார்கள். அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. புதிதாகச் சரிவை வெட்டிக் கட்டச் சொன்னாலும் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், ஏற்கெனவே வெட்டியதைக் காப்பாற்றத்தான் வருவார்கள்.

இப்போது பலன். கட்டி முடித்தபின் வந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிய விடியப் பெய்தது. காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். சுவரின் முகம் முழுக்க, கல் இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தேன், தெளிந்த தண்ணீர். மண்ணை உள்ளேயே விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டும் வருகிறது என்று அர்த்தம். கலங்கலாக வந்தால் பின்னால் மண் அரிக்கிறது, உடனே கூப்பிடுங்கள் என்று மகன் சொல்லிவைத்திருந்தார். மேல் வாய்க்காலில் மட்டும் சருகு அடைத்து ஒரு இடத்தில் வழிந்திருந்தது. அதை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வாரிவிட வேண்டும். அந்தப் பழைய சாலில் இப்போது தண்ணீர் வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து, சருகு மூடி, அதில் காபி நாற்றுகள் தானே முளைத்திருக்கின்றன.

இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்கலாம், ஒரு ஷெட்டின் பின்சுவர்தானே. ஏற்காட்டில் நல்ல மழை பெய்த மறுநாள் திருமணிமுத்தாற்றைச் சேலத்தில் பாருங்கள். சாக்கடையும் சாயக்கழிவும் ஒரு பக்கம் இருக்க, அதற்கு மேல் செக்கச்செவேலென்று வருவது மேலே இருந்து இறங்கிய மண். இந்த மலையின் தெற்கு மேற்குச் சரிவுகளில் பெய்வது திருமணிமுத்தாறு, சரபங்கா வழியாகக் காவிரியில் சேர்கிறது. வடக்கே பெய்வது வாணியாற்றில் இறங்கித் தென்பெண்ணைக்குப் போகிறது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்ததில் இருந்து, மேலே இருந்து காவிரி கொண்டுவரும் வண்டலில் பெரும்பங்கு அணைக்குள் தங்கிவிடுகிறது. நம் மலை ஆறுகளோ அணைக்குக் கீழே சேர்பவை. ஆறு மண் கொண்டுபோவது இயல்பு, டெல்டாவே அப்படி உண்டானதுதான். ஆனால் அது பாறை உளுத்து மண் உண்டாகிற வேகத்தில் போக வேண்டிய மண். ஒரு அங்குல மேல் மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு மோசமான வெட்டு அதை ஒரே இரவில் ஏரிக்கும் ஆற்றுக்கும் அனுப்பிவிடுகிறது. ஏற்காடு ஏரியின் நிறத்தை மழைக்குப் பிறகு பார்த்தாலே தெரியும், நம் மனைகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

கூப்பிட நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை மாசிக்குள், பறிப்பு முடிந்த கையோடு சொல்லி வைத்துவிடுங்கள். கோடை மழையில் வந்து பார்ப்பார், ஆனி ஆடி வாக்கில் வேலை தொடங்கும். அவர் வரும்போது நீங்களும் கூடவே மேலே ஏறுங்கள், நிலத்தின் மேல் எல்லைக்காரரையும் முடிந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தீர்வு அவர் நிலத்தில்தான் இருக்கும். பெரியவருக்கு எழுபதை நெருங்குகிறது. மகனும் நன்றாகவே கட்டுகிறார், கல் திருப்புவதில் மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார். அவர் தனியாக வந்தாலும் தயங்காமல் வேலையைக் கொடுங்கள்.